ஆனி மாதத்துச் சாம்பல் சுவர்

கல்யாணமான புதிதில், தென்காசி வீட்டின் முன்னறைக்கு இளம்பச்சை அடித்திருந்தோம். ஆசைப்பட்டு அடித்தது நான். வயல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இருபத்தைந்து வயதில் ஆள் அப்படியெல்லாம் நினைப்பான். அந்த அறையில்தான் என் மனைவியின் தையல் மெஷின் கிடந்தது. சேலையைக் கொடுத்தால் போதும். தன்னிடமுள்ள துணிகளில் பொருத்தமான நிறத்தை எடுத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்.

அந்தப் பச்சை அவளைக் கவிழ்த்துவிட்டது. சுரண்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள், மகள் கல்யாணத்துக்கு உடுத்த வேண்டிய அரக்குப் பட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாரல் தொடங்கிவிட்ட நாட்கள். பட்டைத் தெருவில் விரித்துப் பார்க்க முடியாது. பச்சைச் சுவரோரம் வைத்தே நிறம் சேர்த்துத் தைத்தாள். கல்யாணப் பந்தலில் சேலை அரக்காகவும் ரவிக்கை கத்தரிப்பூவாகவும் தனித்தனியே நின்றனவாம்.

“சம்பந்தி வீட்டுக்காரிய வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காளுவ. ஒனக்குக் கண்ணு தெரியுதாட்டி?” என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

அன்று மெஷினுக்கு உறை போட்டாள் மனைவி. கழற்றவில்லை. “என் கண்ணை எனக்கே நம்ப முடியல. இனி எப்படித் தைக்க?” என்றாள்.

உட்கார்ந்து துக்கப்பட எனக்குத் தெரியாது. கால் எங்காவது இழுக்கும். மறுநாளே அவளைக் குற்றாலத்துக்கு பஸ் ஏற்றினேன். ஐந்தருவியில் குளித்தவர்கள் ஈரச் சேலைகளைப் பாறைமேல் விரித்திருந்தார்கள். அவள் குளிக்கவே போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

“இங்கன பாருங்க. மஞ்சள் மஞ்சளாவே நிக்குது. அரக்கு அரக்காவே நிக்குது.”

“பாறைதானே?”

“பாறைதான். அது தன் நிறத்தை எது மேலயும் ஏத்தல. நம்ம சுவரு இப்படி இருந்தா?”

திரும்பி வந்ததும் சுரண்டை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினோம்: அந்தச் சேலையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், வேறு ரவிக்கை தைத்துத் தருகிறோம் என்று.

முன்னறைக்குப் பாறைச் சாம்பல் நிறம் வேண்டும் என்றதும் வெள்ளையடிப்பவர் தலையில் கை வைத்தார். “அண்ணாச்சி, சாம்பலா? வீடு இன்னும் பூசி முடியலன்னுல்லா நெனைப்பாங்க. சரி, சாரல் ஓயட்டும், அடிப்போம்.”

எனக்கு எங்கே பொறுக்கிறது? அன்றைக்கே அடிக்கச் சொன்னேன். சுண்ணாம்பில் கரித்தூளைக் கரைத்தார். நீலம் தட்டியது. மனைவி உள்ளே போய் ஒரு கை காவிப்பொடி கொண்டுவந்து தூவினாள், நீலம் அடங்கியது. அவள் தலையாட்டிய பிறகே வெள்ளையடிக்கும் மட்டை சுவரில் பட்டது.

ஆனால் சுவர் காயவில்லை. பொதிகையிலிருந்து இறங்கிய ஈரக்காற்று ஒவ்வொரு செங்கல்லிலும் குடியேறிவிட்டது. நாங்கள் நினைத்தது நடுச்சாம்பல். நின்றதோ இடி இறங்கப்போகிற மேகம். பகலிலேயே அறை இருண்டது.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, வீட்டுக்குள்ள ஆனையைக் கெட்டிப் போட்டிருக்கியளா?”

நான் விசிறியால் சுவருக்கு வீசினேன். குமுட்டி அடுப்பைக் கொண்டுபோய் அதன் காலடியில் வைத்தேன். வெள்ளையடித்தவர் சிரித்தார். “சுவருக்குச் சளி பிடிச்சிருக்கு. ஒங்க அவசரத்துக்கு அது என்ன செய்யும்?” மனைவி சிரிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து யாராவது இறங்கி வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.

ஒன்பதாம் நாள் வெயில் வந்தது. மேல்மூலையில் கையகலத்துக்கு ஒரு வெளுப்பு. மதியத்துக்குள் அது இறங்கி இறங்கிச் சுவர் முழுவதும் பரவியது. என்ன நிறம் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே, யார் பேச்சிலும் குறுக்கிடாமல் உட்கார்ந்து கேட்கிற ஒருவரைப் போல இருந்தது. பெட்டியிலிருந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாகச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பிறகு போய் மெஷின் உறையைக் கழற்றினாள்.

இரண்டு நாள் கழித்துச் சுரண்டை அம்மாள் வந்தார். மறுபடியும் தூறல். சுவரைப் பார்த்து, “என்னட்டி, கையில காசில்லாம பாதியில விட்டுட்டியளா?” என்றார்.

“மிச்ச வேலை ஒங்க சேலையிலதான் இருக்கு. பிரிங்கம்மா,” என்றாள் மனைவி.

அரக்குப் பட்டு சுவரில் சாய்ந்தது. பக்கத்தில் ஒரு துணி, வேண்டாம். இன்னொன்று, அதுவும் இல்லை. மூன்றாவதை வைத்தாள், கையை எடுக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டையும் வாங்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய், தூறலில் நனையாமல் நீட்டி நீட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் மனைவி ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் கோக்காமலே இருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். பையைத் துழாவி இன்னொரு சேலையை எடுத்து மனைவியின் மடியில் போட்டார். “இது எம் மருமகளுக்கு. இதுக்கும் ஒண்ணு பாரு.”

மனைவி அதற்குள் அதைப் பிரித்துவிட்டிருந்தாள். “ஏங்க, வெளிச்சத்தை மறைக்காம அங்கன தள்ளி நில்லுங்க,” என்றாள் என்னிடம்.