மாமனாருக்குக் கிடைத்த பிலாத்து

சாப்பிட்ட கையை ஒரு மனிதர் கழுவுவதை இன்னொரு மனிதர் அப்படிக் கண் கொட்டாமல் பார்த்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. என் நாத்தனாரைப் பெண் பார்க்க அரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கொல்லைப்பக்கம் வந்தார். நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, நகத்தைப் பார்த்து, மறுபடியும் தேய்த்து, கடைசியில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சொட்டவிட்டபடி, இந்த ஊரில் என்ன நடந்தாலும் எனக்கென்ன என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டு கொடுக்க வந்த என் மாமனார் துண்டைக் கொடுக்காமல் அப்படியே நின்றார். "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்று அவர் கேட்டே விட்டார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க கழுவுங்க" என்றார் மாமனார். அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி நானே நீட்டினேன்.

பிடுங்காமல் என்ன செய்வது? என் மாமனார் மாதா கோயில்களுக்குச் சுரூபம், அதாவது சிலை, செய்கிறவர். எண்பதுகளில் பாப்பாரப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் குகை மாதிரிக் கட்டுகிற கெபிக்கு மாதா வேண்டுமென்றாலும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு மாடு வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சிமெண்டும் சலித்த மணலும் இரண்டு மூங்கில் குச்சியும் இருந்தால் போதும். தங்கமான கை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு முகம்கூடத் தோன்றாது. எங்காவது உயிரோடு ஒரு முகத்தைப் பார்த்தாக வேண்டும். சேலத்தில் ஒரு துக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தொப்பூர் கணவாயில் பழுதாகி நின்ற லாரியின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, யார் மேலும் கோபமில்லாமல் உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். துக்கத்துக்கு நாங்கள் மட்டும் போய்ச் சேர்ந்தோம். அந்த டிரைவர் இன்று ஒரு கோயிலில் சூசையப்பராக நிற்கிறார். சித்தேரி பஸ்ஸில் படியில் தொங்கியவர்களை விரட்டிய கண்டக்டர் இன்னொரு கோயிலில் முதுகில் இறக்கையோடு வாளும் கையுமாக மிக்கேல் சம்மனசு. கேட்டால், "மூஞ்சி ஆண்டவர் குடுக்கறதும்மா, நம்ம கையில என்னா இருக்குது" என்பார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாமியார் இல்லாத வீடு. என் வீட்டுக்காரரோ சண்டை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற ரகம். நாத்தனாரைக் கரை சேர்ப்பது என் தலையில் விழுந்தது. வயது ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு முன் வந்த ஒரு நல்ல சம்பந்தம், மாப்பிள்ளையின் பெரியம்மாவை இவர் விட்ட கண் வாங்காமல் பார்த்ததில் போயிற்று. அந்தம்மாவின் மோவாய் மாதாவைப் பெற்ற சந்தன மாதாவுக்குப் பொருத்தமாக இருந்ததாம்! அதை அவர்களிடம் போய் யார் சொல்வது, யார் நம்புவது? அரூர்க்காரர்கள் பெண் பிடித்திருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டுப் போனபோது நாத்தனார் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இதாவது நடக்குமா?" என்று கேட்டாள். நடக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்துக் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் எங்கள் ஊரில் புதுக் கோயில் கட்டி முடிந்திருந்தது. ஆண்டவரின் தீர்ப்பு முதல் அடக்கம் வரை காட்டுகிற சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களையும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்துக்குள் பலகை பலகையாகச் செய்து தரும்படி பங்குச் சாமியார் மாமனாரிடம் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் ஆகிவிட்டது, முதல் ஸ்தலம் மட்டும் நகரவில்லை. ஆண்டவருக்குச் சாவுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற பிலாத்து அவருக்குக் கிடைக்கவே இல்லை. சோறு இறங்காமல், வீட்டுக்கும் வேலைக் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தார். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கிறேன், கை கழுவுகிறார் பிலாத்து. அதே புருவம், அதே மூக்கோரத்து மரு, முழங்கை வரை சுருட்டிய அங்கி. அட ஆண்டவரே, மோதிரத்தைக் கழற்றிய விரலில் தடம் வரைக்கும் வைத்திருந்தார்!

கொட்டகை மட்டும் ஊர்க்கோடியில் இல்லையென்றால் அன்றைக்கு நான் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஊரே முழங்கால் போடுகிற இடத்தில் சம்பந்தியை ஆண்டவரைக் கொன்றவனாக நிறுத்தினால் எந்த மனிதன் பெண்ணெடுப்பான் என்று கேட்டேன். கையை ஓங்கிக்கொண்டுதான் கேட்டேன், அடிக்கவில்லை. "கல்யாணம் நின்னு போயிரும் மாமா. அவ வாழ்க்கைங்க மாமா அது!" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரிம்மா, தாடி வச்சிர்றேன்" என்றார். வைத்தார். சம்பந்தி தாடி வைத்தால் எப்படியிருப்பார் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மறுபடி நான் வாயெடுப்பதற்குள் சிமெண்டு இறுகிவிட்டது. பலகையின் மூலையில் இன்னும் ஏதோ வேலை பாக்கி என்று சொல்லி இரண்டு நாள் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். எனக்கு அந்த மூலையைப் பற்றி என்ன கவலை, என் கண்ணெல்லாம் அந்தத் தாடியில்.

கல்யாணம் வரைக்கும் சம்பந்தி எங்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிலுவைப் பாதை நடக்கிற தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் தானாகவே வந்து நின்றார். ஓலை விஷயமாகச் சாமியாரைப் பார்க்க வந்தாராம், வந்த இடத்தில் சிலுவைப் பாதையும் செய்துவிட்டுப் போகலாமே என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாமியார் முதல் ஸ்தலத்தில் நின்று ஆரம்பித்தார். ஊர் ஜனம் பலகையைப் பார்ப்பதும், எங்கள் பக்கம் திரும்புவதும், முந்தானையால் வாயை மூடுவதுமாக இருந்தது. நாத்தனாருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மாமனார் மட்டும் கண்ணை மூடிப் பக்தியாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பதினான்கும் முடிந்து ஜனம் கலைகிற நேரம், சம்பந்தி நேராக முதல் ஸ்தலத்துக்குத் திரும்பிப் போனார். நானும் நாத்தனாரும் பின்னாலேயே ஓடினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிலாத்துவைப் பார்த்து, யாரோ பெரிய இடத்து மனுஷன் மாதிரி இருக்கிறார், நல்ல களை என்றார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, மூலையைச் சுட்டிக்காட்டினார்.

"இது நீங்கதானுங்களே?"

அப்போதுதான் நான் அந்த மூலையைப் பார்த்தேன். சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற கூட்டத்தின் முன்னால் ஒருத்தி. கை ஓங்கியிருக்கிறது, வாய் காதுவரை திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. என் தெற்றுப்பல், என் கொண்டை. ஊர் ஜனம் அத்தனை வெள்ளிக்கிழமையும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்னைத்தான்! பற்றிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால், அப்படியென்றால் இது யார், அது யார் என்று ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்திருப்பார். எங்கே போய் முடியும் என்று தெரியாதா? பக்கத்தில் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க, நான்தானுங்க" என்றேன்.

கோயில் என்றும் பாராமல் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க மாமனாரு பலே ஆளுங்க, வூட்டு ஆளையே வுட்டு வைக்கல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். ஈஸ்டர் கழிந்து மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள், ஒரு தடையும் வரவில்லை. அந்தப் பலகைக்கு எதிரில் நின்றுதான் கல்யாணச் சொந்தமெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டது.

சம்பந்தி சிரித்துவிட்டுப் பஸ் ஏறிய அன்று சாயங்காலமே மாமனாரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் உங்களுக்கு ஆக்கிக் கொட்டினதற்கு இதுதானா மரியாதை, மாதாவுக்கோ, ஆண்டவர் முகம் துடைத்த வெரோணிக்காளுக்கோ ஆகாத மூஞ்சியா என்று கேட்டேன். மணல் சலித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கூட்டம் கத்தறதுக்கு ஒரு மூஞ்சி கெடைக்காம இருந்துச்சும்மா. அன்னிக்கு எம்பொண்ணுக்காவ நீ கத்துன பாரு, அந்த மாரி ஒருத்தருக்காவ ஒருத்தரு கத்தி நான் பாத்ததில்ல" என்றார். காப்பி ஆறுகிறது என்று அதட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

இப்போது மாமனாரும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ஒவ்வொரு தவக்காலமும் நாத்தனார் பேரப்பிள்ளைகளோடு வந்து, அதோ பார் உங்க பெரிய பாட்டி என்று காட்டிக் கொடுக்கிறாள். ஆண்டவரைச் சாகடிக்கச் சொன்னது நீயா என்று அதுகள் என்னிடம் வந்து விசாரிக்கின்றன. நான் கத்தியது எதற்கென்று அறிந்தது நானும் மாமனாரும் மட்டும்தான். அந்த மனிதர் அதை ஒருத்தரிடமும் சொல்லித் தொலைக்காமலே போய்ச் சேர்ந்தார்.