கோடு தாண்டாத தாள்கள்

பத்தொன்பது வருஷமாக அந்த மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சருக்கு இடுப்பு எப்போதோ விட்டுப்போயிருந்தது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். இருபத்திமூன்று பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்து, சண்டை விலக்கி, மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடும்.

வண்ணம் தீட்டுவதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். விரல் பலப்படுவதும், கண் பார்த்த இடத்துக்குக் கை போவதும், எடுத்ததை முடிக்கும் பொறுமையும் அதில்தானே வருகின்றன? இவ்வளவும் தெரிந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். சுவரில் ஒட்டும் படங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை நச்சரிப்பார். அதனால் பின்தங்கிய பிள்ளைகளின் தாளை வாங்கி, மணி அடிப்பதற்குள் தானே மளமளவென்று நிரப்பிவிடுவார்.

வாயாடி என்று பெயரெடுத்த ஐந்து வயதுக்காரியின் தாளில்தான் நிரப்ப நிறைய இருக்கும். அவளும் பக்கத்தில் நின்று கதை அளந்துகொண்டிருப்பாள். இந்தப் போடு போடுகிறவளுக்குக் கையில் குறை இருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

வருஷக் கடைசியில் அவளுடைய அம்மா வந்தார். மகளுக்குப் பொத்தான் போட வரவில்லையாம், ஸ்பூன் நழுவுகிறதாம். ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பலாமா என்று சொல்வதற்கு முன், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க டாக்டர் அவள் தீட்டிய தாள்களைக் கேட்டாராம்.

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தோரு தாள், ஒன்றிலும் வண்ணம் கோடு தாண்டவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட டீச்சர் நினைத்தார். அவ்வளவு அலுப்பு.

“இத டாக்டர்கிட்ட காட்டாதீங்கம்மா. இதுல முக்கால்வாசி நான் போட்டது.”

அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“ஒரு வருஷம் போச்சே டீச்சர்,” என்றார்.

திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் டீச்சர் கிரேயான்களைச் சின்னத் துண்டுகளாக ஒடித்தார். துண்டாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். மகளைக் கொண்டுவந்து விட்ட அம்மா வாசலிலேயே நின்றார். வாயாடி ஒரு மீன் படத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, வாலில் நாலு கோணல் கோடு இழுத்தாள். ஒன்று தாளைத் தாண்டி மேசைக்கே போயிருந்தது. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு அழுகை முட்டியது.

வாயாடி தாளை நீட்டினாள். “மீதிய நீங்க போட்டுடுங்க டீச்சர். எப்பவும் நீங்கதானே போடுவீங்க?”

டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாசலில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்ப அவருக்கு முகம் இல்லை.