சத்தம் போன மோட்டார்

மோட்டார்க்காரருக்குக் காதுதான் முதல் கருவி. மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் பம்பு, எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். முப்பது வருஷத்தில் அவர் கடையிலிருந்து திரும்பிய எதுவும் முனகியதாகக்கூட ஒருவரும் சொன்னதில்லை. மோட்டார் சத்தம் போட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒன்று கொஞ்ச நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. துண்டுதுண்டாகப் பூட்டி வண்டி, கிரேன் என்று செய்து விளையாடுகிற பெட்டி ஒன்று மகள் காலத்திலிருந்து பரணில் கிடந்தது. அதிலிருந்த பல்சக்கர மோட்டார்தான் அது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கவாதத்தில் மனைவியின் வலது கை மரத்துப்போன பிறகு, பயிற்சி கொடுக்க வருகிற பெண் அதை எடுத்து ஒரு பலகையில் பொருத்தி, சுவிட்சும் சக்கரமும் வைத்துக் கொடுத்தாள்.

"சுவரைப் பாத்து உக்காந்து, கட்டைவிரலால அழுத்துங்கம்மா. கையப் பாக்கவே கூடாது. கண்ணு துணைக்கு வந்தா கை சோம்பேறி ஆயிடும்."

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் சக்கரம் 'கர்ர்ர்' என்றது. அன்றிலிருந்து அவள் விடவில்லை, வேளைக்கு நூறு தடவை. அந்தக் கை திரும்பிவிடும் என்று இருவரும் நம்ப ஆரம்பித்ததே அப்போதுதான்.

ஆனாலும் அந்த இரைச்சல்! வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்காதா? ஒரு மதியம் அவள் தூங்கும்போது மோட்டார்க்காரர் கடுகளவு திருகுகள் நான்கையும் கழற்றினார். உள்ளே அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது. பற்கள் வறண்டு, கடைசிச் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. முடியை இடுக்கியால் உருவி, மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கில் வாஷர் வெட்டிப் போட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத வெள்ளை கிரீஸைத் தடவி மூடினார். ஓடவிட்டுக் காதை வைத்தார். மூச்சுக்கூட இல்லை. அவருக்குத் தன் கையைத் தானே முத்தமிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பாராட்டு வரும் என்று இவர் பின்னால் நின்றார். கட்டைவிரல் இறங்கியது, சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. அவள் விரலை எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். இன்னும் ஒரு தடவை. தோள் தொய்ந்தது.

"என்னங்க, கை மறுபடியும் போயிடுச்சு."

"போகலையே, நல்லா சுத்துதே!"

"சும்மா என்னைத் தேத்தாதீங்க. இதை எடுத்து உள்ள வைங்க. என்னால முடியாது." அழுதுவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரலில் உணர்ச்சி இல்லை, கண்ணுக்கு எதிரே வெறும் சுவர். விரல் அசைந்த சேதியை அவளுக்குச் சொன்னது அந்தக் 'கர்ர்ர்' ஒன்றுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே என்று நொந்துபோனார்.

"உன் கை நல்லாத்தான் இருக்கு. மோட்டாரைத்தான் நான் கெடுத்துட்டேன்."

"நீங்களா? மோட்டாரைக் கெடுத்தீங்களா?" அழுகையிலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அவள் எதிரிலேயே பிரித்தார். வாஷரைப் பிடுங்கினார், கிரீஸைத் துடைத்தார். போதவில்லை, பாழாய்ப்போன முடி இல்லையே. மீதியிருந்த மாத்திரை அட்டையில் ஒரு கீற்று நறுக்கி, பல்லில் உரசும்படி செருகினார். வேண்டுமென்றே ஒரு மோட்டாரைக் கத்தவைப்பது வாழ்க்கையில் முதல் தடவை.

"சுவரைப் பாத்து உக்காரு."

அழுத்தினாள். 'கடகடகட' என்று வீடே அதிர்ந்தது. விரலை எடுத்தாள், நின்றது. அழுத்தினாள், அலறியது. கன்னத்தில் ஈரம் காயாமலே சிரித்தாள். இவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, உங்க வீட்டு மோட்டாரா இந்தக் கத்துக் கத்துது? வேற யார்கிட்டயாவது ரிப்பேருக்குக் குடுத்தீங்களா?"

"வேற யாரும் இல்ல. நானேதான் பண்ணேன்" என்றார் மோட்டார்க்காரர், நெஞ்சை நிமிர்த்தி.