அடியில் ஒரு சொல்

விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தாளின் ஓரத்தில் ஒரு தேய்ப்பு. பிறகு அந்த இடத்தை மோந்து பார்க்கிறாள். “ம், பிடிச்சுக்கிச்சு” என்கிறாள். மை தாளில் பிடித்துவிட்டதாம். அது மோந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்டுவிடக் கூடாது. நம் மூக்கைப் பரிதாபமாகப் பார்ப்பாள். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. முழங்கைக்கு மேல் படு சுத்தம், கீழே அடிபிடித்த பாத்திரம்.

அவள் வீட்டில் எதுவும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வாணலியின் அடிக்கரியைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழைத்து மை செய்வாள். இன்னொரு மைக்காகத் துருவேறிய ஆணிகள் வினிகரில் ஊறும். தகர டப்பாவுக்குள் சுள்ளிகளை அடைத்துச் சுட்டு, வரைவதற்குக் கரித்துண்டு எடுப்பாள். பாதி முட்டைக்கோஸில் மை தடவி அச்செடுத்தவள், அப்பாவின் செருப்பின் அடிப்பக்கத்தையும் விடவில்லை. மறுநாள் அவர் அலுவலகத்தில் வாசல் முதல் மேலாளர் அறை வரை கறுப்புக் கால்தடம். பாவம், அவர் எங்கெல்லாம் போய் நின்று அரட்டை அடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

எடுத்த அச்சு ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ‘சோதனை’ என்று எழுதிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். தன் பெயர் எழுதுவதில்லை. “பேரு போட்டுட்டா முடிஞ்சுபோச்சே. அப்புறம் என்ன பண்றது?” என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சோவிய ஆசிரியர் ஒருநாள் பொறுமையிழந்துவிட்டார். “சமைச்சுக்கிட்டே இருக்கே, பரிமாறவே மாட்டேங்கிற. திங்கட்கிழமை முடிஞ்ச படம் ஒண்ணு வேணும். இல்லேன்னா வேற பிரிவுக்குப் போயிடு.” கல்லூரியின் அச்சு இயந்திரத்தை விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கையில் மிச்சமிருந்தது செதுக்கி அச்செடுக்க ஒரே ஒரு லினோ தகடு, ரப்பர் மாதிரி ஒரு பலகை. ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்த அம்மாவையே செதுக்க முடிவு செய்தாள். தகடு விறைப்பாக இருந்தது. அம்மாவின் இஸ்திரிப்பெட்டியால் லேசாகச் சூடு காட்டிப் பார்த்தாள். உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிற்று. அந்த மகிழ்ச்சியில் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பதை மறந்துபோனாள்: அச்சில் இடம் வலமாகும், ஆகவே திருப்பித்தான் செதுக்க வேண்டும்.

மை உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து உரித்தாள். அம்மாவின் இடது கன்னத்து மச்சம் வலது பக்கம் போயிருந்தது. வகிடும் மாறியிருந்தது. யாரோ அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வேறு தகடு கிடையாது. கை தன்னால் பென்சிலை எடுத்து ‘சோதனை’ என்று எழுதியது.

இஸ்திரிப்பெட்டியைத் தேடிக்கொண்டு அம்மா வந்தாள். மகளின் அச்சுகளைப் பற்றி இதுவரை அவள் சொன்ன கருத்து, தரையைத் துடைத்துவிடு என்பது ஒன்றுதான். இப்போது படத்தின் முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை.

“நான்தானே இது?”

“இல்லம்மா, கெட்டுப்போச்சு. மச்சம் பக்கம் மாறிடுச்சு.”

“எங்க மாறுச்சு? தினமும் கண்ணாடியில பாக்கறேன், இந்தப் பக்கம்தான் இருக்கு. ஃபோட்டோவுலதான் எவளோ மாதிரி இருப்பேன்.”

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரத்தாளை இரு முனையிலும் பிடித்தபடி அம்மாவின் பின்னாலேயே போய், அவளைப் பீரோக் கண்ணாடி முன் நிறுத்தி, பக்கத்தில் படத்தைப் பிடித்தாள். கண்ணாடியில் இருந்த அம்மாவையும் தாளில் இருந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சம், வகிடு, ஊசி பிடிக்கும் கை. எதுவும் மாறவில்லை. இத்தனை நாளும் அம்மா கண்ணாடியில் பார்த்துவந்த அம்மாவை மகள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அறைக்குத் திரும்பினாள். இந்த முறை மையை மோந்து பார்க்கவில்லை. ரப்பரை எடுத்து, தாள் கசங்காமல், ‘சோதனை’யை எழுத்தெழுத்தாக அழித்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டு, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.