ரோட்டுக்குக் கீழே ஒரு ரூம்

பழைய தோசைத் திருப்பியை வெச்சு சுவத்துல பூத்திருக்கிற உப்பைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். நாலு இழுப்பு சுரண்டுறது, கையைப் புடவையில துடைக்கிறது, ரெண்டு வரி எழுதுறது. நோட்டுல அங்கங்க நறநறன்னு இருந்தா அது உப்புதான், தட்டி விட்டுட்டுப் படிங்க.

ரோட்டுக்குக் கீழ குடித்தனம் பண்றதும் ஒரு வேலைதான். கையெழுத்து போடத் தேவையில்ல, ஆனா லீவும் கிடையாது. திருவொற்றியூர்ப் பக்கம் இந்த வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க ஜன்னல் வழியா ரோட்டுல போறவங்க முகம் தெரியாது, செருப்புதான் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுறேன். எனக்கு வாய் கொஞ்சம் கம்மி. யாராவது ஒண்ணு சொல்லிட்டுப் போனா, அவங்க தெரு முனை திரும்பின அப்புறம்தான் எனக்குப் பதில் வரும். வந்த பதிலை என்ன பண்றது? சுவத்துகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.

வூடு இறங்கின விதம்

எங்க மாமனார் இந்த வீட்டைக் கட்டினப்ப மூணு படி ஏறித்தான் உள்ள போவாங்களாம். இப்ப மூணு படி இறங்கணும். வீடு அங்கேயேதான் நிக்குது. பழைய ரோட்டைப் பேக்காம அது மேலயே புது ரோடு, அது மேல இன்னொண்ணுன்னு போட்டுப் போட்டு தெரு எங்க ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. மாடி மச்சாண்டாருக்கு, அதான் எங்க வூட்டுக்காரரோட அண்ணனுக்கு, கீழ்வீடு எங்களுக்குன்னு பாகம் பிரிச்சப்ப அது ஒழுங்கான கீழ்வீடாத்தான் இருந்துச்சு. நான் கல்யாணமாகி வந்து நாலே வருஷத்துல அது பாதாள ரூம் ஆயிடுச்சு.

போன தடவை தாரு போட வந்தப்ப, தொப்பி போட்ட ஒருத்தர் நின்னு வேலை வாங்கிக்கிட்டு இருந்தார். குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து, "சார், பழசைப் பேத்துட்டுப் போடக் கூடாதா?"ன்னு கேட்டேன். ரோலர் சத்தத்துல அவருக்குக் கேக்கல. ரெண்டாவது தடவை கேட்டேன். மேலேயிருந்து என்னைக் குனிஞ்சு பார்த்துட்டு அவர் சொன்னார்: "ஊர்ல எல்லா ரோடும் மேலதான் போவுது. நீங்க ஏம்மா இன்னும் கீழயே கீறீங்க?"

ராத்திரிக்கு மாடி

என் பொண்ணு நிவிக்கு ரெண்டரை வயசு. மழைக்காலம் முடிஞ்ச கையோட அவளுக்கு இழுப்பு வந்துச்சு. நெஞ்சுக்குள்ள பூனை கத்துற மாதிரி சத்தம். டாக்டரம்மா மருந்து எழுதிக் குடுத்துட்டு, எங்க படுக்க வெக்கிறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்த ஈரத்துல இனிமே படுக்க வெக்காதீங்கன்னாங்க. அன்னிக்கே மேல் வீட்டு அக்கா, அதான் மச்சாண்டார் சம்சாரம், நிவியோட தலகாணியை எடுத்துக்கிட்டு மாடி ஏறிட்டாங்க. அக்கா நல்லா பார்த்துக்குவாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பொழுது போனதும் என் பொண்ணு மேல போயிடுவா. அவ குடுகுடுன்னு ஓடுறது எனக்குத் தலைக்கு மேல கேக்கும். கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்.

இந்த ரூமைக் காய வெச்சு, நாலு பேர் வீடு மாதிரி ஆக்கி, அவளை என் பக்கத்துல படுக்க வெக்கணும். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அதை அக்காகிட்ட மெதுவா சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டே அவங்க சொன்னாங்க: "பண்ணு, ஆரு வேணான்னா? அதுவரைக்கும் ஈரத்துல கெடக்க புள்ளை இன்னா தவளையா?"

ஓசி மண்ணு

தரையை ஒரு அடி தூக்கிட்டா ஈரம் வராதுன்னார் வந்து பார்த்த கொத்து மேஸ்திரி. தூக்கறதுக்கு மண்ணு வேணும். எங்க வூட்டுக்காரர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை செய்யறவர். அவரோட தோஸ்து ஒருத்தர் மீன் ஏத்தற டெம்போ ஓட்டுறார். "மண்ணுக்கா கஷ்டம்? நான் எட்த்தாறேன் மாமு"ன்னு நாலு நடை அடிச்சுக் கொட்டிட்டார். கொட்டினதுல கிளிஞ்சல் கிடந்துச்சு. நான் காசிமேட்டுல பொறந்தவ. கடல் மண்ணு எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு கால் வெச்சாலே தெரியும். ஆனா அத்தினி ஆம்பளைங்க வேர்வை வழிய அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கறப்ப நடுவுல போய் எப்படிச் சொல்றது? காபி குடுத்துட்டு உள்ள வந்துட்டேன். அந்தக் காபியை நினைச்சா இன்னும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது.

டைல்ஸ் ஒட்டி ஒரு மாசம்கூட ஆகல, தரைக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துணி போட்டுப் பிழிவேன். காஞ்ச இடத்துல டைல்ஸ் இடுக்குல கோலம் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா நிக்கும். விரலால தொட்டு நாக்குல வெச்சேன். உப்பு. ஈரத்துக்குப் பயந்து வீட்டை உசத்துறோம்னு சொல்லி கடலையே அள்ளியாந்து வீட்டுக்குள்ள போட்டிருக்கோம். இவர் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டதுக்கு அந்த தோஸ்து, கோவிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓசில வந்த மண்ணுல உப்பு கீது, கிளிஞ்சல் கீதுன்னு நோண்டுனா எப்டி தங்கச்சி?"

நிலைப்படி

அத்தனையும் வெட்டி வெளிய போட்டோம். நானும் கூடச் சட்டி தூக்கினேன். இந்தத் தடவை கருங்கல் ஜல்லி, அது மேல கெட்டி பிளாஸ்டிக் ஷீட், அது மேல கான்கிரீட். நல்லாத்தான் வந்துச்சு. என்ன, தரை முன்னைவிட இன்னும் அரை அடி ஏறிடுச்சு; தரை ஏற ஏற நிலைப்படி குட்டையாகும்னு எங்களுக்கும் தோணல, முப்பது வருஷம் அனுபவம்னு சொல்ற மேஸ்திரிக்கும் தோணல. தோணலையா, சொல்லலையா, அது அவருக்குத்தான் வெளிச்சம். எங்க வூட்டுக்காரர் ஆறடி. வேலை முடிஞ்சு வந்த முதல் நாளே நெத்தி பொடைச்சுக்கிச்சு. மறுநாளும் அதே இடத்துல.

மேலே கொஞ்சம் இடிச்சு நிலையைத் தூக்கி வெக்க முடியுமான்னு இவர் கேட்டார். நான் ஈரத்துணியை இவர் நெத்தியில வெச்சுக்கிட்டு நின்னேன். மேஸ்திரி வாயில இருந்த வெத்தலையை ஒதுக்கிட்டுச் சொன்னார்: "கோயில் வாசல்ல குனியறல்ல? அப்பிடி நெனச்சிக்கினு குனி நைனா. வூடும் கோயிலுதான்."

கொப்புளம்

தரை காஞ்சுது, சுவரு காயல. இடுப்பு உசரம் வரைக்கும் ஈரம் ஏறி நின்னுச்சு. பெயிண்ட் கடையில போய், ஈரம் மண்ணுலேருந்து ஏறுதுங்கன்னு விவரமாச் சொன்னேன். கடைக்காரர் என் பின்னாடி எட்டிப் பார்த்தார், ஆம்பளை யாராவது வந்திருக்காங்களான்னு. யாரும் இல்ல. சரின்னு ஒரு டப்பாவை எடுத்து வெச்சு, "இத்த அடி, மழையே உள்ள பேஞ்சாலும் ஒண்ணும் ஆவாது"ன்னார். ரெண்டு கோட் நானே அடிச்சேன். பதினஞ்சு நாள்ல சுவரு பூரா அப்பளம் பொரிஞ்ச மாதிரி கொப்புளம். ஒண்ணை அமுக்கினா உள்ள தண்ணி. பிச்செடுத்த ஒரு துண்டைப் பேப்பர்ல மடிச்சுக் கொண்டுபோய் அவர் முன்னாடி வெச்சேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பெயிண்ட்டு சூப்பரா கீதே மா. உங்க சுவருதான் மட்டம்."

கடைசியில மேஸ்திரியே வந்து, பூச்சைப் பூரா உரிச்சுப் போடு, செங்கல்லு மூச்சு விடட்டும், பழைய உப்பு பூத்து வெளிய வர வரச் சுரண்டி எடுன்னார். அவர் சொன்னதுல உருப்படியானது அது ஒண்ணுதான். அதைத்தான் இப்ப சுரண்டிக்கிட்டு இருக்கேன்.

ஜன்னல்

செங்கல்லு மூச்சு விடணும்னா காத்து வேணும். எங்களுக்கு இருக்கறது ஒரே ஜன்னல், அதுவும் ரோடு மட்டத்துல. எதிர் வீட்டுத் தம்பி தினம் வேலையிலேருந்து வந்து அது முன்னாடியே பைக்கை நிறுத்துவான். அவன் வண்டியை முறுக்கினா புகை பூரா எங்க சோத்துப் பானையிலதான். மூணு தடவை சொன்னேன். "தோ எட்த்துட்றேன்கா"ம்பான், எடுக்க மாட்டான். நாலாவது தடவை துணி வாளியோட போனேன். துவைச்ச உள்பாவாடை ரெண்டையும் ஒரு நைட்டியையும் அவன் ஹேண்டில்பார்ல விரிச்சுக் காயப் போட்டேன். தெருவே பார்த்துச்சு. நான் அப்படிப் பண்ணுவேன்னு நானே நினைக்கல. அவன் அதைத் தொடவும் முடியாம, விடவும் முடியாம வாசல்ல வந்து நின்னான். நான் எடுத்துக்கிட்டதும் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் அவன் வீட்டாண்டயே நிறுத்தினான். போறப்ப எனக்கு நியாயம் சொல்லிட்டுப் போனான்: "யக்கா, ரோடு இன்னா உங்க வூட்டுதா, துணி காய வெக்க?"

மாத்திக்கலாமா

போன வாரம் ரெண்டு நாள் விடாம மழை. ராத்திரி தரையில நியூஸ்பேப்பரை விரிச்சு வெச்சுப் படுத்தேன். காலையில எடுத்துப் பார்த்தா மொறுமொறுன்னு இருக்கு. மறுநாளும் அப்படியே. எங்க வூட்டுக்காரர் அந்தப் பேப்பரைத் தடவிப் பார்த்துட்டு மடிச்சு அலமாரியில வெச்சார்.

நேத்து மத்தியானம் மேல் வீட்டு அக்கா இறங்கி வந்தாங்க. மாடியில தளம் சூடு இறங்கி அனலா அடிக்குமாம். தரையில உக்காந்தாங்க, காலை நீட்டினாங்க, அப்படியே படுத்துட்டாங்க. "சில்லுனு கீதுடி கலா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, கண்ணைத் திறக்காமயே, "எங்களுக்கும் வயசாவுது, படி ஏற முடியல. பேசாம நீங்க மேல வந்துடுங்க, நாங்க கீழ வந்துடறோம்"ன்னாங்க. இவர் அண்ணி சொன்னா மறுத்துப் பேசாதவர். தலையை ஆட்ட ஆரம்பிச்சுட்டார். எட்டு மாசம். சட்டி தூக்கினேன், சுரண்டினேன், பிழிஞ்சேன். எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. இந்தத் தடவை அவங்க படியேறிப் போற வரைக்கும் பதில் காத்திருக்கல. "முடியாதுக்கா. நாளையிலேருந்து ராத்திரிக்கும் நிவியைக் கீழ அனுப்பிடுங்க"ன்னேன். கத்திட்டேன்னு நினைச்சேன், ஆனா இவருக்குக்கூட சரியா கேக்கலையாம்.

அக்காவுக்குக் கேட்டுச்சு. எழுந்து உக்காந்து என்னையே பார்த்தாங்க. கோவமா, அழுகையான்னு எனக்குத் தெரியல. முடியை முடிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "இட்டுகினு போ. எட்டு மாசமா சுவத்தையே பார்த்துகினு இருந்த, எம்புள்ளையக் குடுன்னு ஒரு நாளு வந்து கேட்டியா?"

அதுக்குப் பதில் இன்னும் வரல. வந்தா எழுதுறேன். இன்னும் ஒரு முழம் சுவரு பாக்கி, பொழுதும் போகப்போகுது, அதனால சுருக்கமா சொல்லிடறேன். நம்மள மாதிரி கீழ குடியிருக்கிறவங்களுக்கு மேலேயிருந்து எல்லாரும் ஒரு யோசனை சொல்லிட்டுத்தான் போவாங்க, அதுல நாம எதைக் கேக்கணும்னா... இருங்க, நிவி மாடிப்படியில தலகாணியைக் கட்டிக்கினு நின்னு "ம்மா, வா, கைய புடி"ன்றா, நான் போயி அவள...