பால்கெண்டையைக் கீறியவன்

காந்தலில் ஒற்றை அடுப்பில் மெஸ் தொடங்கி, மசினகுடியில் பன்னிரண்டு அறை ரிசார்ட் கட்டியவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. கைகொடுக்க ஒருவரும் இல்லை.

நேற்று எங்கள் ரிசார்ட் சமையலறையில் பால்கெண்டை கீறும் சத்தம் கேட்டது. வெள்ளியாய் மின்னும் கடல்மீன்; உடம்பெல்லாம் முள். நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்கே இழுத்துப் போனது. அங்கேதான் தொண்டையில் முள் சிக்கி என் தங்கச்சி நீலம் பாரித்து விழுந்தாள். கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்துப் பிழைக்க வைத்தார். அப்பா குழம்புச் சட்டியையே தேயிலைக்குள் வீசினார்.

"இனி இந்த மீனு ஊட்டுக்குள்ள வரக்கூடாது!"

மறுவாரம் அதே மீனை, அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால், மயிரிழை இடைவெளியில், முள்ளெல்லாம் அறுபடக் கீறிப் பொரித்தேன். முதல் வாய் நான்தான் தின்றேன். முள் தெரியவேயில்லை.

அதே தங்கச்சி நேற்று விருந்தாளிகளிடம், "இப்படிக் கீறுறது எங்கப்பா கண்டுபிடிச்சதுங்க" என்கிறாள்! எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"சட்டிய வீசுனவராடி கண்டுபிடிச்சாரு?"

"உடுங்கண்ணா, அந்தப் பேரு செத்தவருக்குப் போகட்டும்."

போகக் கூடாது. பத்து வயதில் உயிரைப் பணயம் வைத்துத் தின்று பார்த்தவன் நான். நம் ரிசார்ட் மெனு கார்டில் இந்த மீனுக்கு என் பெயரைப் போடுங்கள்.