வந்த நேரம்

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நவமணிக்கு இருபத்தொரு வயதில் புருஷன் சின்னையா செத்துப்போனான். அன்றைக்கு அவனுக்கு விடியும்போதே வயிற்றுவலி. பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு கலையுமுன் அவனைத் தாங்கிப் பிடித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெசர் ஜெயபாலன் வைத்ததுதான் சட்டம்.

"வேலைக்குப் பயந்துக்கிட்டு வயித்தைப் பிடிக்கிறான். வெளிய பெஞ்சில கிடக்கட்டும்."

கிடந்தான். சாயங்காலம் உடம்பு சில்லிட்ட பிறகுதான் லாரி கூப்பிட்டார்கள். ஈப்போ வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

விசாரித்த மானேஜரிடம் ஜெயபாலன் கை கட்டிச் சொன்னார்: "பொழுது சாயத்தான் கொண்டாந்தாங்க ஐயா. பொண்டாட்டிக்காரி லயத்துலயே வச்சிருந்துட்டா." அதையே எழுதியும் வைத்தார். மாமியார் கருப்பம்மாள் பிணத்துக்கு முன்னாலேயே நவமணியின் தலைமயிரைப் பிடித்து, "எம்புள்ளயக் கொன்னுட்டியேடி" என்று உலுக்கினாள். காலையில் அவளைப் பாதையில் பார்த்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை. டிரெசரைப் பகைத்துக்கொண்டு தோட்டத்தில் யார் இருப்பது?

இது நடந்தது எழுபத்திரண்டில். நவமணி தோட்டத்தை விட்டு ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஓர் அறை எடுத்தாள், டைப்பிங் படித்தாள், ஈப்போவில் டாக்டர் லூயிஸின் கிளினிக்கில் பேரும் கணக்கும் எழுதும் கிராணியானாள். புந்தோங்கிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். "புருஷன லேட்டாக் கொண்டுபோனவ" என்ற பேர் அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

எண்பத்தைந்தில் டாக்டர் ஈப்போ, கோப்பெங், காம்பார் மூன்று கிளினிக்குகளுக்கும் கம்ப்யூட்டர் வாங்கினார். பத்துமலை என்ற ஈப்போக்காரன் புரோகிராம் எழுதினான். நோயாளியின் பேர் பதிவதிலிருந்து மருந்து கொடுப்பது வரை எல்லாம் திரையில். ஆட்கள் அதை உண்மையில் உபயோகிக்கிறார்களா, எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையை டாக்டர் நவமணியிடம் கொடுத்தார்.

"என்னத்த எண்ணணும்னு நீங்க சொல்லுங்க அக்கா. மெசின் தானா எண்ணிக்கும் லா" என்றான் பத்துமலை.

யார் எந்தத் திரையைத் திறக்கிறார்கள், எதைப் பாதியில் விட்டுப் போகிறார்கள், எதை யாருமே தொடுவதில்லை என்று சொன்னாள். சனிக்கிழமை மற்ற கிளினிக்குகளிலிருந்து பஸ்ஸில் வரும் பிளாப்பித் தட்டுகளைப் போட்டு, அச்சடித்த தாள்களை வாசிப்பாள். நோயாளிக்கு ஒவ்வாத மருந்து எது என்று கேட்கும் திரையை ஒருவரும் திறக்கவில்லை. மருந்து கொடுத்து முடித்த பிறகு அந்தத் திரை வந்தால் யார் திறப்பார்கள்? முன்னால் மாற்றச் சொன்னாள். அடுத்த வாரமே திறந்தார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

அந்த நேரத்தில்தான் காம்பாருக்குத் தலைமைக் கிராணியாக ஒருவர் சேர்ந்து, ஈப்போவுக்குப் பழக வந்தார். தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போனதில் வேலை இழந்த ஜெயபாலன்.

"அட, நம்ம தோட்டத்துப் பொண்ணு! சௌக்கியமாம்மா?" என்று சிரித்தார்.

நவமணியும் சிரித்தாள். ஒவ்வொரு திரையையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். நோயாளி வந்த நேரத்தை மெசினே போட்டுக்கொள்ளும். தப்பாக விழுந்தால் திருத்த ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானை இரண்டு தடவை காட்டினாள்.

அவர் போனதும் பத்துமலையைக் கூப்பிட்டாள். "வந்த நேரத்த யார் மாத்தினாலும் எனக்குத் தெரியணும். பழைய நேரம், புது நேரம் ரெண்டும்."

"ஆளுங்ககிட்ட சொல்லிடவா?"

"வேணாம்."

காக்கவைக்கும் கிளினிக்கைக் கேள்வி கேட்பேன் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். நேரத்தைத் திருத்தத் தூண்ட அது போதுமாயிருந்தது. முதல் மாதமே காம்பார் தாளில் திருத்தங்கள் வந்தன. காலை முழுக்க உட்கார்ந்திருந்த கிழவர் அப்போதுதான் வந்தவராகியிருந்தார். நவமணி உடனே சொல்லவில்லை. தப்ப முடியாத அளவுக்குச் சேரட்டும் என்று விட்டாள். காம்பார் பெஞ்சில் ஜனங்கள் காத்துக் கிடந்ததும் அவளுக்குத் தெரியும்.

கோப்பெங் தாளிலும் சில திருத்தங்கள் இருந்தன. அங்கே கிராணி கெர்ட்ரூட். நவமணிக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. போனில் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவாள். ஆனால் கெர்ட்ரூட் வாய் சும்மா இருக்காது, காம்பாருக்கும் எட்டிவிடும். நவமணி போனை எடுக்கவில்லை.

தாள்களைப் பார்த்த டாக்டருக்கு முகம் சிவந்தது. "மாத்தினது யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போலாம்."

ஜெயபாலனை வரவழைத்துச் சொன்னபோது நவமணி அறையிலேயே நின்றாள். அவர் கெஞ்சிப் பார்த்து, கடைசியில் அவள் பக்கம் திரும்பினார். "நீ ஒரு வார்த்தை சொல்லும்மா."

"எம்புருஷன் எப்ப வந்தான்? அத டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "காலையிலதான்" என்றார். "அன்னைக்கு அப்படி எழுதலன்னா என் வேலை போயிருக்கும், நவமணி."

"இன்னைக்குப் போச்சு. எந்திரிங்க."

அவர் படியிறங்கித் தெருவைத் தாண்டும் வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய், மிச்சமிருந்த லயத்து வாசலில் நின்று, அவர் ஒத்துக்கொண்டதைக் கருப்பம்மாளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நவமணி தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

கெர்ட்ரூட்டுக்கும் வேலை போயிருந்தது; அவள் வீட்டுக்குப் போக நவமணிக்குப் பல வாரம் ஆயிற்று. அவளுக்காகத் தெரிந்த கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனாள். கெர்ட்ரூட் கம்பிக்கதவைத் திறக்கவில்லை.

"கோப்பெங் டாக்டர் லேட்டா வருவார், திட்டு எனக்கு விழும். அதான் மாத்தினேன். உனக்கு முன்னமே தெரியும்தானே?"

"தெரியும்."

"அந்த ஆளுக்காக என்னையும் சேர்த்து விட்டுட்ட."

கெர்ட்ரூட் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஜெயபாலனை நினைத்து நவமணி ஒருநாளும் வருந்தியதில்லை. இன்னொரு தடவை கையில் கிடைத்தாலும் அதையேதான் செய்வேன் என்பாள். கெர்ட்ரூட் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.